முளைக்குச்சிக்கு மூக்கு வைத்தவர்

ஒரே ஒரு பேனாக்கத்தியை வைத்துக்கொண்டு மலைமேல் சாலை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சீவல் ஓவர்சியர். ஜல்லி, தார், ரோடு ரோலர் எல்லாம் பின்னால் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனவை. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டிலிருந்து திண்ணனூர் நாட்டுப் பக்கம் வளைந்து வளைந்து ஒரு பாதை போகிறதே, அதில் பஸ்ஸில் போய் வயிற்றைப் பிரட்டி அவதிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அவதியில் பாதிக்குக் காரணம் அவர். மீதிப் பாதிக்கு நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சீவல் என்றதும் வெற்றிலைப் பெட்டியை நினைத்துவிட வேண்டாம். அவர் வெற்றிலை போடமாட்டார். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எல்லாம் சுருள் சுருளாக மரச்சீவல் கிடக்கும், அவ்வளவுதான். சட்டைப் பையில் சீவல், செருப்பில் சீவல், சாப்பிடும் தட்டில்கூடச் சில நாள் சீவல் இருக்கும். சம்பளப் பட்டியலில் அவருக்கு லட்சணமான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறிய டெம்பரரி கிளார்க். சாலைக்கு வழி அளந்து முளை அடிப்பதற்காக மலைமேல் ஒரு சின்ன முகாம் போட்டிருந்தார்கள். அவர்தான் அதற்குத் தலைவர், நான்தான் அதற்கு மீதி. கூலியாட்கள் நாலு பேர் பகலில் வந்து போவார்கள். நாங்கள் இருவரும் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். முன்னறை ஆபீஸ், பின்னறை வீடு. மாலை ஐந்து மணிக்கு அவர் நடுக்கதவைத் தாண்டி வந்து கால் கழுவினாரென்றால் சர்க்கார் அத்துடன் முடிந்தது.

கீழ்நாட்டில் இருந்தபோது அவர் பயங்கரமான முன்கோபியாம். ஒரு மேலதிகாரியின் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை எடுத்து அந்த அதிகாரியின் தலையிலேயே கவிழ்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. மலைக்கு மாற்றல் வந்ததே அந்தப் புண்ணியத்தில்தானாம். ரத்தக்கொதிப்பைப் பார்த்த டாக்டர், வேலை முடிந்ததும் மனசுக்கு அமைதியாக வீட்டில் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பூச்செடி வளர்க்கலாம் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார். இவர் திரும்பும் வழியில் சந்தையில் நுழைந்து பேனாக்கத்தி வாங்கிவிட்டார்.

அதிலிருந்து தினமும் மாலை ஒரே சடங்குதான். சாக்கை விரிப்பார். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொள்வார். கையடக்கமாக ஒரு பாலைமரத் துண்டை எடுத்து, அதில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முழுக்கக் காய்ந்த கட்டை முரண்டு பிடிக்கும், பச்சைக் கட்டை பிறகு வெடித்துவிடும், பாதி காய்ந்த கட்டைதான் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பது அவருடைய சித்தாந்தம். பிறகு கத்தி இறங்கும். அரை மணி நேரத்தில் மூச்சு நிதானமாகும். அப்புறம் மூக்கால் ஏதோ ஒரு ராகம் வரும். எந்த ராகம் என்று கேட்டால் பாடியவருக்கும் தெரியாது. ஆனால் அது கிளம்பிவிட்டால் அன்றைய கோபம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று நான் உடைத்த டம்ளரைப் பற்றி அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன்.

இவ்வளவு பக்தியோடு செதுக்கியும் கையில் என்ன வந்தது என்பது வேறு விஷயம். யானை செய்தால் பன்றி வரும். பன்றி செய்தால் உருளைக்கிழங்கு வரும். என் குடையின் கைப்பிடியை ஒருநாள் கிளியாக்கித் தருகிறேன் என்று வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது அது என்ன ஜந்து என்று தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் குடையை இரவல் கேட்கவில்லை. கதவின் தாழ்க்கட்டையை அழகு பண்ணுகிறேன் என்று சீவிச் சீவி விரல்கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். காற்று அடித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். விளக்குமாற்றுப் பிடிக்கு இடுப்பு வந்தது. ஆபீஸ் ரூல்தடிக்குப் பல் முளைத்தது. அதற்குப் பிறகு நான் போட்ட கோடுகள் எல்லாம் ரம்பம் மாதிரி இருந்தன.

இப்போது முளைக்குச்சிக்கு வருகிறேன். சாலை போடுவதற்கு முன், அது எந்த வழியாகப் போகவேண்டும் என்று அளந்து, நூறடிக்கு ஒரு குச்சி நட்டுக்கொண்டே போகவேண்டும். பெரிய எஞ்சினியர் வந்து அந்த வரிசையைப் பார்த்து சரி என்றால்தான் மேற்கொண்டு வேலை. எங்களுக்கு இட்ட பணி நாற்பத்தேழு முளைகள். காலையில் நடுவோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழி இருக்கும், குச்சி இருக்காது. மூன்று முறை நட்டோம், மூன்று முறையும் மலை விழுங்கிவிட்டது.

யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் முகம் மலர்ந்து சொல்லிவிடுவார்கள். வெள்ளையம்மா என்று ஒரு குடியானவப் பெண்மணி, அவளுடைய சாமைக் காடு எங்கள் வழியில் ஒரு வளைவில் இருந்தது. அவளுடைய ஆறு ஆடுகளும் எங்கள் ஆறு முளைகளில் கட்டியிருந்தன. ஓவர்சியர் பல்லைக் கடித்துக்கொண்டு, இது எப்படி இங்கே வந்தது என்று விசாரித்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏனுங் சாமி, கெவர்மெண்டுல ஆட்டு மொளை குடுக்கறது ரொம்ப ஒத்தாசைங்க. ஆனா இப்படி எட்ட எட்டமா மலமேல நட்டு வெச்சா வயசானவிய எப்படிங்க வந்து புடுங்கிக்கிட்டுப் போவாங்க? ஊட்டுக்கு ஊடு குடுத்துட்டாத் தேவலைங்க."

அவள்மேல் தப்பு சொல்ல முடியாது. அதற்கு முன் சர்க்கார் மலைக்கு வந்ததெல்லாம் ஏதாவது கொடுப்பதற்காகத்தான். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள், விதை கொடுத்தார்கள், அம்மை குத்தினார்கள். இப்போது குச்சி கொடுக்கிறார்கள் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. வேலி இல்லாத வெட்டவெளியில், ஒரே அளவாக, முனை சீவி நட்டுவைத்த குச்சி எடுத்துக்கொள்வதற்கு இல்லாமல் வேறு எதற்கு? ஆட்டுக்கு வேண்டாதவர்கள் அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அன்று மாலை ஓவர்சியர் தொடைத்தண்டி ஒரு கட்டையை எடுத்து உட்கார்ந்தார். ராகம் வருவதற்குள் அது பல் குத்தும் குச்சியாகிவிட்டது. அதனால் பல்லும் குத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கீழிருந்து தபாலில் மெமோ வந்தது. பெரிய எஞ்சினியரே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து நேரில் வருவேன், அன்று முளைகள் முறைப்படி வரிசையில் நிற்காவிட்டால் முகாம் கலைக்கப்படும், ஓவர்சியர் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். ஓவர்சியருக்குப் பென்ஷனுக்கு நாலு வருஷம் பாக்கி. ஊரில் மனைவியும் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். மைக்கூட்டு விவகாரம் ஏற்கெனவே கணக்கில் இருந்ததால் இனி மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் மெமோவைப் படித்தார், நாலாக மடித்துப் பையில் வைத்தார். நான் ஓடிப்போய் மைக்கூட்டை எடுத்து ஒளித்துவைத்தேன்.

மாலை வந்தது. சாக்கை விரித்தார். வீட்டில் செதுக்காத கட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. மூலையில் நாலாம் முறையாக நடுவதற்கு வெட்டிக் கட்டிவைத்த முளைக்கட்டுதான் இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவி மடியில் வைத்துக்கொண்டார். சர்க்கார் சொத்தாயிற்றே சார் என்று பதறினேன்.

"சர்க்கார் சொத்துலதான் தம்பி சர்க்கார் ஆளச் செதுக்கோணும்" என்றார்.

யானை வராத கை, கிளி வராத கை, அன்று ஒரு முகத்தைக் கொண்டுவந்தது. தொங்கும் மீசை, புடைத்த மூக்கு, கொஞ்சம் தூக்கலான ஒரு புருவம். கட்டையில் கன்னத்துப் பக்கம் ஒரு கணு இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணுவுக்காகக் கட்டையைத் தள்ளியிருப்பார்கள். இவர் அதைச் சுற்றிப் பதமாகச் சீவி ஒரு மருவாக நிறுத்தினார். பெரிய எஞ்சினியரின் இடது கன்னத்தில் அதே இடத்தில் அதே அளவில் ஒரு மரு உண்டு.

எப்படி சார் இது மட்டும் இப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சீவலைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"யாரு மேல கோவமோ அவிகளச் செதுக்கோணும் தம்பி, அப்பத்தான் வருது. மூக்கு முடியறப்ப பாதிக் கோவம் போயிரும். காது முடியறப்ப, பாவம், அந்தாளுக்கு என்ன கஷ்டமோன்னு ஆயிரும்."

அவ்வளவுதான், வழி கண்டுபிடித்துவிட்டார். மாலைக்கு ஒரு முகம். தலைமைக் குமாஸ்தா வந்தார். கல்யாணப் பந்தியில் இவரைப் பைத்தியம் என்று சொன்ன மைத்துனர் வந்தார். அந்தக் கோபம் ஒரு முகத்தில் அடங்காததால் மைத்துனர் மட்டும் மூன்று முறை வந்தார். நாலாம் வகுப்பில் காதைத் திருகிய வாத்தியார், பெண் பார்க்கப் போகிற அன்று ஒருபக்க மீசையை எடுத்துவிட்ட நாவிதர், அந்த டாக்டர்கூட வந்தார். ஒரு மனிதருக்கு இவ்வளவு பேர்மீதா கோபம் இருக்கும் என்று நான் மலைத்துப்போனேன். ஆனால் ஒவ்வொரு முகம் முடிந்ததும் ஆள் ஒரு சுற்று லேசானார். கடைசி வாரங்களில் ராகம் அரை மணி கழித்து இல்லை, சாக்கை விரிக்கும்போதே வந்தது.

இதையெல்லாம் ஏதோ தந்திரம் என்று நினைக்கக் கூடாது. நடுவதற்கு வேறு குச்சி இல்லை, அதனால் நாலைந்து முகம் சேரச் சேர அவற்றையே நட்டோம். தலையில் அடித்தால் மூக்கு உடையும் என்று கடப்பாரையால் குழி போட்டு, கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இறக்கினார். எப்படியும் நாளைக்கு இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லாம் இருந்தன. அடுத்த நாளும் இருந்தன. மூன்றாம் நாள் ஒவ்வொரு முகத்திலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. வெள்ளையம்மா பழைய முளைகளிலிருந்தும் தன் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு போய் வேறு எதிலோ கட்டியிருந்தாள். ஊர்க்கவுண்டரிடம் விசாரித்தேன். அவர்தான் அந்த ஊருக்குப் பெரிய மனிதர். அவர் என்னை இதுகூடத் தெரியாதவனா என்பதுபோல் பார்த்தார். கண் வைத்து மண்ணில் நிற்பதை யார் பிடுங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார். அவர்கள் எல்லைகளில் காவலுக்கு நிற்பதெல்லாம் அப்படித்தானே நிற்கின்றன. நாங்கள் ஏன் முன்பே கண் வைக்கவில்லை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு முளைக்கும் ஓர் இலாகா ஒதுக்கிவிட்டார்கள். தலைமைக் குமாஸ்தா ஆட்டு நோய்க்கு. வாத்தியார் காய்ச்சலுக்கு. நாவிதரிடம் பிள்ளை வரம் கேட்டார்கள். மைத்துனர்கள் மூவரும் மழைக்கு. தற்செயலாக அந்த வாரம் நல்ல மழையும் பிடித்துக்கொண்டது. ஓவர்சியர் ஒருநாள் வயலிலிருந்து பிரமை பிடித்தவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ற மச்சானுக்குப் பொங்கல் வெக்கறாங்க தம்பி" என்றார். கால் கழுவிவிட்டு வந்து, "எனக்கும் ஒரு கரண்டி குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலை பிழைத்தது, முகாம் பிழைத்தது, எல்லாம் பிழைத்தது. எஞ்சினியர் வருவதற்கு முந்தின நாள், எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று அளவுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஓவர்சியர் எழுதிய அளவுகளை நான் பிரதி எடுத்தபோது ஒரு வரியை விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியால் ஒரு முளை முப்பதடி முன்னாலேயே நின்றுவிட்டது. அகலமாக வீசித் திரும்பவேண்டிய சாலை அந்த இடத்தில் கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசியாகத் திரும்பும். அது எந்த முளை என்று பார்த்தேன். வெள்ளையம்மா காட்டு வளைவில், மருவோடு நிற்கிற முளை.

வேண்டிய தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டு பின்னறையை எட்டிப்பார்த்தேன். அவர் சாக்கின்மேல் கண்ணை மூடி ராகம் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் முதல் முறையாகக் கையில் கத்தி இல்லாமல் பாடினார். சொல்லத்தான் போனேன். அதற்குப் பதில் வெள்ளையம்மா வீட்டுக்கு ஓடினேன். நாளைக்கு அந்த முளைச் சாமிக்கு மட்டும் முகம் தெரியாத அளவுக்கு மஞ்சள் அப்பி, மேலே பெரிய மாலையாகப் போட்டு மூடவேண்டும் என்று கெஞ்சினேன். முளை தப்பாக நிற்பதை எஞ்சினியர் கண்டுபிடித்தாலும், அவர் முகத்தையே அதில் பார்க்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அவளும் சரி என்றாள்.

மறுநாள் எஞ்சினியர் பாதி வழி நடந்தும் பாதி வழி டோலியில் ஏறியும் வந்து சேர்ந்தார். வந்த களைப்பில் முகம் கடுகடுவென்றிருந்தது. முதல் முளையைப் பார்த்தார், நின்றது. இரண்டாவது நின்றது. பத்தைத் தாண்டியதும் முகம் தெளிந்தது. இதென்ன மூக்கும் கண்ணும் என்று கேட்டார். அடையாளத்துக்கு என்றார் ஓவர்சியர். எஞ்சினியர் ஒரு தினுசாகத் தலையை ஆட்டிக்கொண்டார். தலைமைக் குமாஸ்தாவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றார். நான் இருமினேன்.

வளைவு வந்தது. அங்கே வெள்ளையம்மா, ஊர்க்கவுண்டர், ஊர் ஜனம் எல்லாரும் கூடியிருந்தார்கள். முளையைப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, மாலையும் இல்லை. பெரிய ஆபீசர் வருகிற அன்று சாமி குளிக்காமலா நிற்கும் என்று அவள் தேய்த்துக் கழுவி எண்ணெய் வேறு தடவியிருந்தாள். மரு பளபளவென்று மின்னியது.

எஞ்சினியர் முகத்தைக் கவனிக்கவில்லை. தூரத்தில் நின்று முன்னும் பின்னும் பார்த்தார், சங்கிலி பிடித்து அளக்கச் சொன்னார், புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு இந்த முளை முப்பதடி தவறி நிற்கிறது என்றார். யார் செய்த தப்பு என்று கேட்டார். ஓவர்சியர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அதில் இருந்தது என் கையெழுத்து. நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"என்ற தப்புத்தானுங்க" என்றார்.

எஞ்சினியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். உம்மைப் பற்றி எழுதவேண்டியதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார். முதலில் இதைப் பிடுங்குங்கள் என்று கூலியாட்களைப் பார்த்தார். நாலு பேரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மிரட்டினார், அசையவில்லை. ஊரைப் பார்த்தார், ஊரும் அசையவில்லை. எஞ்சினியருக்கு மீசை துடித்தது. விடுவிடுவென்று நடந்துபோய்த் தானே குனிந்து முளையை இரண்டு கையாலும் பிடித்தார்.

பிடித்தவர் அப்படியே இருந்தார்.

மூக்கும் மூக்கும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. அவருடைய இடது கை மெதுவாக முளையை விட்டுவிட்டுத் தன் கன்னத்து மருவைத் தடவியது. ஜனங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாதான் முதலில் பேசினாள்.

"உங்களாட்டமே இருக்குதுங் சாமி. இது வந்த பொறவுதானுங்க இந்தக் காட்டுல பன்னி எறங்கறதில்லை."

எஞ்சினியர் நிமிரவில்லை. யார் செதுக்கியது என்று தணிந்த குரலில் கேட்டார். நான்தான் என்றார் ஓவர்சியர். எப்போது என்று கேட்டார். உங்கள் மெமோ வந்த அன்று மாலை என்றார். இந்த மனிதருக்கு ஒரு பொய் சொல்லத் தெரியக்கூடாதா என்று நான் மனசுக்குள் அழுதேன். எஞ்சினியர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெமோ கொடுத்தவனின் முகத்தை வடித்து, ஊரே கும்பிட நட்டுவைத்த அடிமட்ட ஊழியரை அவர் தம் சர்வீஸில் பார்த்திருக்கமாட்டார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா விசுவாசம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவர் தடுமாறுவது நன்றாகத் தெரிந்தது.

ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்தார். நட்ட சாமியை நகர்த்தவேண்டுமென்றால் பூக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்தவேண்டும் என்றார். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மூன்று தடவை கேட்கலாம். யார் நகர்த்தச் சொல்கிறாரோ அவரே எடுக்கவேண்டும். வெள்ளையம்மா மரத்துப் பக்கம் போய்ப் பூவை மடித்துக்கொண்டு வந்து முளையின் முன்னால் வைத்தாள். இதெல்லாம் என்ன முட்டாள்தனம் என்று எஞ்சினியர் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போதே எனக்கு உயிரில் கால்வாசி திரும்பி வந்தது.

முதல் பொட்டலம் சிவப்பு. அவள் மறுபடி கலைத்து வைத்தாள். இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது பொட்டலத்தை அவர் மெதுவாக, ஒரு மடிப்பாகப் பிரித்தார். சிவப்பு. ஊர் முழுக்கக் கைகூப்பியது. முளையைப் பார்த்துக் கூப்பினார்களா அவரைப் பார்த்துக் கூப்பினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே பக்கம் இருந்தன.

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். கீழே ஒரு தடுப்புச்சுவர் கட்டினால் இங்கேயும் திருப்பலாம், ஒன்றும் குடிமுழுகாது என்றார். புத்தகத்தை வாங்கி, முளைகள் யாவும் திருப்திகரம், வளைவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தும் விட்டேன். கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து ஊர்க்கவுண்டர் எனக்கு அருள் வந்துவிட்டதோ என்று விபூதியைத் தேடினார்.

டோலியில் ஏறும்போது எஞ்சினியர் ஓவர்சியரைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"என் மீசை அவ்வளவு தொங்குதா, ஓய்?"

"கொஞ்சம் நாரு இழுத்துருச்சுங்க" என்றார் ஓவர்சியர்.

டோலி மறைகிற வரையில் நின்றுவிட்டுத் திரும்பினோம். வழியில் வெள்ளையம்மா எதிரே வந்தாள். மூன்று தடவையும் சிவப்பே வந்ததே என்று நான் வியந்தேன். ரெண்டு பொட்டலத்திலும் சிவப்புத்தானே மடித்தேன் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிச் செய்யலாமா என்றேன்.

"சாமி நகராதுன்னு எனக்கு மின்னாலேயே தெரியுமுங் கண்ணு. பொறவு எதுக்கு வெள்ளப் பூவ வீணாப் பறிக்கறது? இந்த ஓவர்சியர் சாமி வாடி நின்ன மூஞ்சியும் பாக்கச் சகிக்கலீங்க."

மாலை ஐந்து மணி ஆயிற்று. அவர் கால் கழுவினார், சாக்கை விரித்தார், கட்டைவிரலில் துணி சுற்றினார். இரண்டு மாதத்துக்கு அப்புறம் எங்கிருந்தோ ஒரு புதுப் பாலைமரத் துண்டு கிடைத்திருந்தது. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். அந்த விட்டுப்போன வரி நான் விட்டதுதான் என்றேன். நேற்றே தெரிந்தும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் கட்டையில் நாரைப் பார்த்துக்கொண்டே, தெரியும் தம்பி, கையெழுத்துத் தெரியாதா என்றார்.

கத்தி இறங்கியது. இன்றைக்கு வரப்போகிறது என் மூக்குதான் என்று நான் ஒவ்வொரு சீவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மூக்காக வந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். ராகம் ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. ஊதித் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒரு கரண்டி.

"குழம்புக் கரண்டிய நீ போன வாரம் ஒடச்சுப் போட்டியே, அதுக்கு" என்றார்.

அவர் நாலு வருஷம் இருந்து, பென்ஷனோடு மாலை மரியாதையாக மலை இறங்கினார். சாலையும் வந்தது. அந்த வளைவுக்கு இன்றைக்கும் ஆபீசர் சாமி வளைவு என்றுதான் பெயர். பஸ் டிரைவர்கள் சரியாக அந்த இடத்தில், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடு போடுகிறார்கள். கையை எடுக்கிற இடமா அது என்று நான் ஒவ்வொரு முறையும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பிடித்துக்கொள்ளவேண்டியவன்தான் நான். கரண்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் சாய்வு, குழம்பில் பாதி கையில் வழியும். வீட்டில் எத்தனையோ முறை மாற்றலாம் என்றார்கள், நான் விடவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. சாலை வேலை தொடங்குவதற்கு முன்னால், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முதல் முளையிலிருந்து கடைசி முளை வரை தனியாக நடந்தேன். டம்ளர் உடைத்தவன், கரண்டி உடைத்தவன், ஒரு வரியை விட்டு அவர் வேலைக்கே உலை வைத்தவன், எங்கேயாவது ஒரு குச்சியில் நானும் நிற்பேன் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்தேன். மைத்துனர் மூன்று இடத்தில் நின்றார். நாற்பத்தேழிலும் தேடிவிட்டேன், என் முகம் இல்லை.